மூணும் ஒண்ணும்

தி கச்சான்ஸ் என்று இன்றைக்கு யாரிடமாவது சொன்னால், தூத்துக்குடியில் முக்கால்வாசிப் பேர் காற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கச்சான் என்றால் இங்கே மேல்காற்று. இந்த வருஷம் கச்சான் பலம், வள்ளம் இறங்கவில்லை, மீன் இல்லை என்று போகும் பேச்சு. அது ஒரு ராக் குழுவின் பெயர் என்று தெரிந்தவர்கள் குறைவு. அவர்களிலும், 1974-ம் வருஷம் ஜூலை இருபதாம் தேதி அந்தக் குழு வாசித்ததை முழுசாகக் கேட்டுவிட்டு இன்றும் அதையே பேசிக்கொண்டிருக்கிறவர்கள் மூன்று பேர்தான். "நானும் அங்கனதான் நின்னேன்" என்று சொல்லிக்கொள்கிறவர்கள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறார்கள். அத்தனை பேரும் வந்திருந்தால் பாதிப் பேர் கடலுக்குள் நின்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

மூவரில் ஒருவர் நயினார் அண்ணாச்சி. ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அன்றைக்கு மைக் செட் அவருடையது. அதனால் நிகழ்ச்சியே தன்னால்தான் நடந்தது என்பது அவர் கட்சி. இன்னொருத்தி மெட்டில்டா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். எதையும் டிரங்க் கால் கணக்கில்தான் அளப்பாள். மூன்று நிமிஷம் ஒரு கால். அன்றைய கடைசிப் பாட்டு பதினேழு கால் நீளம், அதாவது ஐம்பத்தோரு நிமிஷம் என்பாள். ஒரு மணி நேரத்துக்குக் கீழே அண்ணாச்சி இறங்க மாட்டார். மூன்றாவது ஆள் நான், கிருபாநிதி. சொந்த ஊர் நாசரேத். கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கிளார்க். ஒவ்வொரு ஜூலை இருபதும் சாயங்காலம் அண்ணாச்சி கடையில் கூடுவோம். டீயும் மக்ரூனும் வரும். பழுதான ரேடியோக்களுக்கு நடுவே உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து பேசுவோம்.

குழுவில் இருந்ததும் மூன்று பேர். கிட்டார் ரோச், பேஸ் கிட்டார் அவன் சித்தப்பா மகன், டிரம்ஸ் மரியான். பாட்டெல்லாம் கப்பல்காரர்கள் கொண்டுவரும் டேப்பில் கேட்டது. கப்பல் நிற்கும் வரைக்கும்தான் டேப்பும் நிற்கும். ரோச் கப்பலில் ஏறி இரண்டு தடவை கேட்பதற்குள் சரக்கு இறங்கிவிடும், கப்பல் போய்விடும். அதனால் அவர்களுக்கு எந்தப் பாட்டுக்கும் தொடக்கம் மட்டும் தெரியும், முடிவு தெரியாது. தெரியாததை எப்படி முடிப்பது? தொடக்கத்தை வாசித்துவிட்டு, அப்புறம் தோன்றியபடி போய்க்கொண்டே இருப்பார்கள். யாருக்காவது கை வலித்தால் பாட்டு முடியும். இதற்கு இம்ப்ரொவைசேஷன் என்று பெயர் இருப்பதாக மெட்டில்டா ஏதோ ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு வந்து சொன்னாள். ரோச்சுக்கு ரொம்ப சந்தோஷம். அதுவரை வேறு வழியில்லாமல் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்குக் கடற்கரை மைதானத்தில் கடலோர ஊர்களுக்கான கைப்பந்துப் போட்டி. இறுதி ஆட்டம் ஆலந்தலைக்கும் பெரியதாழைக்கும். நாலு மணிக்குப் பரிசளிப்பு, பிறகு கச்சான்ஸ், ஆறு மணிக்குள் எல்லாரும் வீட்டுக்கு என்று நோட்டீஸ் போட்டிருந்தார்கள். ஆட்டத்தில் ஒரு பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று இரண்டு ஊரும் ஒரு மணி நேரம் பேசின. பந்து எங்கே விழுந்தது என்பது இன்றுவரை முடிவாகவில்லை. ரோச் கிட்டாரை மாட்டும்போது ஐந்தே கால்.

முதல் இரண்டு பாட்டும் சுமார்தான். இதில் எங்களுக்குள் சண்டை கிடையாது. மேல்காற்று ஆளை அடித்தது. ரோச்சின் சத்தத்தில் பாதி நேராகக் கடலுக்குப் போனது. மூன்றாவது பாட்டை ஐந்து நாற்பதுக்குத் தொடங்கினார்கள். தொடக்கம் இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துபோக, வழக்கம்போல் தங்கள் பாட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். நன்றாகத்தான் போனது.

ஆறு மணிக்கு மைதானத்துக்கு ஒரு பக்கமாக இருந்த கோயிலில் மணி அடித்தது. மூன்று அடி. ரோச் அப்படியே நிறுத்தினான். பேஸ் நின்றது. மரியான் சிம்பலைக் கையால் பிடித்துச் சத்தத்தை அடக்கிவிட்டு எழுந்தான். முந்நூறு பேரும் எழுந்து கோயில் பக்கம் திரும்பித் தலையைக் குனிந்தார்கள். சற்றுப் பொறுத்து மறுபடி மூன்று அடி.

அது திரிகால ஜெபத்துக்கான மணி. காலை, மதியம், மாலை என்று கத்தோலிக்கக் கோயில்களில் அடிப்பது. மூன்று மூன்றாக மூன்று தடவை, நடுநடுவே ஜெபம், கடைசியில் நீளமாக ஒரு மணி. அது முடிகிறவரை யாரும் அசைய மாட்டார்கள். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியாது. நான் தூத்துக்குடிக்கு வந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. நாங்கள் சி.எஸ்.ஐ. நாசரேத்தில் மணி அடித்தால் கோயிலைப் பார்த்து நடக்க ஆரம்பிப்போமே தவிர நிற்க மாட்டோம்.

எல்லாருக்கும் பின்னால் ஒரு உடைமரத்தடியில் நின்றிருந்த நான், மணியும் பாட்டோடு சேர்த்தி என்று நினைத்துவிட்டேன். இருபது நிமிஷம் வாசித்து, கோயில் மணியோடு முடித்து, ஊரே எழுந்து மரியாதை செய்கிறது. இப்படி ஒரு முடிவை நான் கேட்டதே இல்லை. கண் கலங்கிவிட்டது. கை தட்டினேன்.

மூன்று தடவை தட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. ஏதோ தப்பு என்று புரிந்து நிறுத்தினேன். ஆனால் நான்காவது தட்டுக்குக் கை ஏற்கெனவே புறப்பட்டுவிட்டது. கொஞ்சம் தயங்கியது, பிறகு தட்டிவிட்டுத்தான் நின்றது. மூன்று, ஒரு இடைவெளி, ஒன்று. அந்த அமைதியில் அது எனக்கே பலமாகக் கேட்டது.

மேடையில் மரியான் கண்ணை மூடி நின்றிருந்தான். கண்ணைத் திறக்காமலே உட்கார்ந்தான். டிரம்மில் மூன்று அடித்தான், இடைவெளி விட்டான், ஒன்று அடித்தான். கோயிலில் மூன்றாவது தடவை மணி அடிக்கவேண்டியது இன்னும் பாக்கி. மரியான் மறுபடி மூன்று, இடைவெளி, ஒன்று. கோயில் மணி வந்து சரியாக அந்த இடைவெளியில் விழுந்தது. பேஸ் சேர்ந்தது. சிலுவை போட்ட கையை இறக்கி ரோச் கிட்டாரைத் தொட்டான்.

அதற்குப் பிறகு முப்பத்தோரு நிமிஷம் நடந்ததைச் சொல்ல ஐந்து வருஷமாக முயற்சி செய்கிறோம். அண்ணாச்சி வாயாலேயே வாசித்துக் காட்டுவார், அது உதவாது. ஆலந்தலை கேப்டனும் பெரியதாழை கேப்டனும் ஒரே பெஞ்சில் ஏறி நின்று குதித்தார்கள், பெஞ்சு முறிந்தது, இறங்கித் தரையில் குதித்தார்கள். அண்ணாச்சியின் ஆம்ப்ளிஃபையரிலிருந்து புகை வந்தது. அவர் அதை நிறுத்தாமல் சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டு நின்றார். மெட்டில்டா நைட் டியூட்டிக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போய் மெமோ வாங்கினாள். அந்த மெமோவைப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

ரசிகர்கள் அந்தத் தாளத்துக்கு மூணும் ஒண்ணும் என்று பெயர் வைத்தார்கள். அமைதியில் முதலில் கேட்ட அந்த நாலு சத்தம்தான் எல்லாவற்றிலும் உசத்தி என்பதில் எல்லாரும் ஒரே கட்சி. அது என்ன சத்தம் என்பதில்தான் தகராறு. மரியான் குச்சியால் டிரம் விளிம்பில் தட்டினான் என்பார் அண்ணாச்சி. குச்சியோடு குச்சியைத் தட்டினான் என்பாள் மெட்டில்டா. இதற்காக ஒரு மாதம் அவள் கடைப் பக்கமே வரவில்லை. அது கைதட்டல் என்று ஒருத்தர்கூடச் சொன்னதில்லை. மரியானிடம் கேட்டால், "தலைக்குள்ள கேட்டுச்சு, கை தானாப் போச்சு" என்பான். நான் மக்ரூன் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

ஜெபத்தில் கை தட்டிய மடையன் என்று பெயர் வாங்க வெட்கமாக இருந்தது. சரி, அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மரியானின் அம்மா அந்தோணியம்மாள் அன்றைக்கு முன் வரிசையில் இருந்தாள். ஜெபம் முடியுமுன் தன் மகன் டிரம் அடிப்பதைப் பார்த்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனவள், அன்றிலிருந்து அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே வீடு. சோறு வைப்பாள், துணி துவைப்பாள், காய்ச்சல் என்றால் கஞ்சி காய்ச்சுவாள். பேச்சு மட்டும் கிடையாது. மரியான் பங்குச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தான். அவர் பரிகாரமாகப் பத்து அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். பத்து போதாது என்று அந்தோணியம்மாள் நினைத்தாள். கடைசியில் மரியான், அம்மா பேசுகிறவரை டிரம் குச்சியைத் தொடுவதில்லை என்று மாதா சிலை இருக்கும் கெபியின் முன்னால் நின்று சொல்லிவிட்டான். குழு அதோடு போனது. ரோச் கப்பலில் ஃபிட்டராக ஏறினான்.

இதெல்லாம் தெரிந்தே ஐந்து வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதைவிடக் கேவலமான காரியம் நான் எதுவும் செய்ததில்லை.

இந்த ஜூலையில் ரோச் ஒரு மாத லீவில் வந்தான். அதே கைப்பந்துப் போட்டிக்குக் கச்சான்ஸ் வாசிக்க வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் அவனைக் கேட்டிருக்கிறார்கள். அவன் அண்ணாச்சி கடைக்கு வந்து எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னான்.

"மரியான் வந்தா வாசிப்பேன். வேற ஆளப் போட்டு வாசிக்க மாட்டேன். லீவு முடிஞ்சா ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் வருவேன். அதுக்குள்ள எவன் இருப்பான், எவன் போவான்."

"அந்தோணியம்மா பெரியம்மாட்ட நாம போய்க் கேப்பமா?" என்றாள் மெட்டில்டா.

"நான் வரல," என்றார் அண்ணாச்சி. "அந்தம்மா எங்கிட்டயும் பேசாது. மைக் செட்டு என்னுதுல்லா."

மறுநாள் காலையில் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன். அந்தோணியம்மாள் முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"அம்மா, அன்னைக்கு ஜெபத்துல மொதல்ல சத்தம் போட்டது மரியான் இல்ல. நான். பாட்டு முடிஞ்சிட்டுன்னு நெனச்சுக் கை தட்டிட்டேன். அதக் கேட்டுத்தான் அவன் கை போச்சு."

"நீ எந்த ஊரு?"

"நாசரேத்து."

"சி.எஸ்.ஐ.யா?"

"ஆமா."

"எங்க, தட்டு பாப்போம்."

தட்டிக் காட்டினேன். அவள் என் கையையே பார்த்தாள்.

"நாலாவது எதுக்குத் தட்டுன?"

"கை நிக்கலம்மா."

"அவனும் அதத்தான் சொன்னான். கை நிக்கலம்மா, கை நிக்கலம்மான்னு. நான்தான் நம்பல." முறத்தைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு என்னை ஏசினாள். நன்றாகவே ஏசினாள், என் ஊர், என் கோயில், என்னைப் படிக்கவைத்தவர்கள் என்று ஒன்றையும் விடவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். ஏசி முடித்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அவனுக்கு மத்தியானச் சோத்த இன்னைக்கு நானே கொண்டு போறேன்," என்று குசினிக்குள் போனாள்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த நல்ல செய்தியை நானே முதலில் மரியானிடம் சொல்ல வேண்டும் என்று சைக்கிளை மிதித்தேன்.

மரியான் தோணி கட்டும் இடத்தில் கலப்பத்து அடிக்கிறவன். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து, உளியும் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலும் கொண்டு அடித்து இறக்க வேண்டும், தண்ணீர் புகாமல் இருப்பதற்கு. ஒரு தோணிக்கு மாதக்கணக்கில் அடிக்க வேண்டும். நான் போனபோது தோணியின் வயிற்றடியில் குந்தி உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தான்.

"என்னலே கிருபா, ஆபீசு இல்லையா?"

சொன்னேன். உடைமரம், மணி, கைதட்டல், நின்றும் நிற்காத நான்காவது தட்டு, எல்லாம் சொன்னேன். அவன் அடிப்பதை நிறுத்தினான்.

"எங்க, தட்டு."

தட்டினேன்.

"இன்னொரு தடவ."

தட்டினேன்.

"இதான்," என்றான். "இதேதான்."

"இனிமே உம்மேல ஒரு பழியும் இல்ல மரியான்."

அவன் கொட்டாப்புளியைத் தரையில் வைத்தான். சந்தோஷப்படுவான் என்று முகத்தைப் பார்த்தேன். முகம் செத்துப்போயிருந்தது.

"ஏலே, எங்கம்ம அஞ்சு வருஷமா எங்கிட்டப் பேசல. கோயில்ல நான் கடைசித் தூணுக்கிட்ட நிக்கேன். எல்லாத்தையும் எதுக்குப் பொறுத்துக்கிட்டேன்னு நெனச்ச? அது எனக்கு வந்துச்சுலே. எங்கிருந்தோ, எனக்கு மட்டும் வந்துச்சு. காலைல இருந்து பொழுதடைய இந்தப் பலகைய அடிக்கேன். இனியும் அடிப்பேன். ஒருநா, ஒரே ஒருநா, எனக்கு ஒண்ணு வந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் அடிக்கேன். இப்ப நீ வந்து அது உன் கைன்னு சொல்லுத."

"அதுக்கப்புறம் முப்பத்தோரு நிமிஷம் வாசிச்சது நீதான மரியான்."

"அத எவனும் வாசிப்பான். அந்த நாலுதாம்லே."

மன்னிப்புக் கேட்கலாமா என்று பார்த்தேன். எதற்கென்று கேட்பது? தட்டியதற்கா, இத்தனை நாள் சொல்லாததற்கா, இப்போது சொன்னதற்கா?

"எங்கம்மைட்டச் சொல்லிராத," என்றான். "பேசாட்டாலும் பரவால்ல. அது என்னுதாவே இருக்கட்டும்."

நான் மணலைப் பார்த்தேன்.

"சொல்லிட்டியோ?"

"சொல்லிட்டேன்."

அவன் என்னை அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் எனக்குப் பின்னால் பார்த்தான். நானும் திரும்பிப் பார்த்தேன். அந்தோணியம்மாள் தூக்குச்சட்டியோடு வந்துகொண்டிருந்தாள். வெயிலில் வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. வேலை செய்துகொண்டிருந்த மற்றவர்களும் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த வீட்டு விஷயம் எல்லாருக்கும் தெரியும்.

"ஏலே மரியான்," என்றாள். "சாப்பிட வால."

ஐந்து வருஷத்தில் முதல் பேச்சு. மரியான் எழுந்து நின்றான். வாயில் அம்மா என்று மட்டும் வந்தது. அவளிடம் ஓடிப் போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. உளியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"அம்மா, இவன் பொய் சொல்லுதான். எனக்காகச் சொல்லுதான். அன்னைக்கு மொதல்ல தட்டுனதும் நான்தான். பெறவு அடிச்சதும் நான்தான்."

அந்தோணியம்மாள் மகனைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். காலையில் அவள் முன்னால் தட்டிக் காட்டிய கை. ஐந்து வருஷத்துக்கு அப்புறம் திறந்த வாயை மறுபடி மூடிக்கொள்ளப் போகிறாள், போன தடவையாவது தெரியாமல் செய்தேன், இந்தத் தடவை லீவு போட்டுவிட்டு வந்து செய்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

"நீயா?" என்றாள்.

"நான்தாம்மா."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும்மா."

அவள் தூக்குச்சட்டியைப் பலகை மேல் வைத்து மூடியைத் திறந்தாள். மீன்குழம்பு வாசனை வந்தது.

"சரி. நீதாம்ல அடிச்ச," என்றாள். "உக்காரு, சோறு ஆறுது. ரோச்சு வந்திருக்கானாம்லா? போயி வாசி. ஆறு மணி அடிச்சா மட்டும் நிறுத்து. முழுசும் அடிச்சு முடியிற வரைக்கும் நிறுத்து."

மரியான் உட்கார்ந்தான். கண்ணீர் சோற்றில் விழுந்தது, துடைக்கவில்லை. அந்தோணியம்மாள் என் பக்கம் திரும்பினாள்.

"என்ன தம்பி, நீ தட்டலல்லா?"

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெட்கத்தால்தான் இத்தனை நாள் மறைத்தேன் என்று சொன்னது பாதி உண்மை. ஆபீசில் காலையிலிருந்து சாயங்காலம் வரை பில் ஆஃப் லேடிங் என்கிற சரக்குச் சீட்டை டைப் அடிக்கிறவன் நான். எனக்குப் பாடவும் வராது, வாசிக்கவும் வராது. அண்ணாச்சியும் மெட்டில்டாவும் அந்த நாலு சத்தத்தைப் பற்றி உருகி உருகிப் பேசும்போதெல்லாம், அது என்னுடையது என்று உள்ளுக்குள் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். என்றைக்காவது ஒருநாள் கடையில் எழுந்து நின்று சொல்லிவிட வேண்டும், அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வைத்திருந்தேன். அந்த ஆசையை நம்பித்தான் வருஷா வருஷம் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

மரியான் என்னைப் பார்க்கவில்லை. சோற்றில் கையை வைத்தபடி, பிசையாமல் காத்துக்கொண்டிருந்தான்.

"இல்லம்மா," என்றேன். "நான் தட்டவே இல்ல."

அவள் தூக்குச்சட்டி மூடியில் எனக்கும் கொஞ்சம் சோறு வைத்தாள்.